மூன்று வீதத்தின் வரலாறு: மாற்றுத்திறனாளிகளும் அரசாங்க உத்தியோகமும்

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்பது யாழ்ப்பாணத்து முதுமொழி. மாதந்தோறும் தவறாது கிடைக்கும் சம்பளம், முதுமையிற் கைவிடாத ஓய்வூதியம், ஊரவர் மத்தியில் மதிப்பு ஆகிய மூன்றையும் ஒருங்கே தருவது அரசாங்க உத்தியோகமே என்ற எண்ணம் நமது சமுதாயத்தில் எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதை இம்முதுமொழி உணர்த்தும். உடலாற்றல் நிறைந்தோர்க்கே அவ்வுத்தியோகம் இவ்வளவு பெரிதாயின், பார்வையோ செவிப்புலனோ கைகால்களின் இயக்கமோ குன்றிய ஒருவருக்கு அது இன்னும் பெரிது. வயலும் கடலும் உடல் வலுவையே கேட்பன. தனியார் தொழில்தருநர் இலாபத்தைக் காட்டி மறுத்துவிடுவர். எஞ்சி நிற்கும் வாயில் அரசாங்கத்தின் வாயில் ஒன்றே. அவ்வாயிலிலும் இடம் மறுக்கப்படுமாயின், குடும்பத்தவரின் தயவில் வாழ்நாளைக் கழிப்பதன்றி அவருக்கு வேறு வழியில்லை.

அரசாங்கம் தன் சேவையில் மாற்றுத்திறனாளிகளுக்கென ஒரு பங்கை ஒதுக்குதல் வேண்டும் என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டிலேயே உருப்பெற்றது. இதன் வரலாற்றை நோக்குமிடத்து ஓர் ஒற்றுமை கண்ணிற்படுகின்றது. பிரித்தானியா 1946 இலும், இந்தியா 1977 இலும், இலங்கை 1988 இலும் தேர்ந்தெடுத்த அளவு ஒன்றே. அது 3 வீதம். எண் ஒன்றாயினும் பயன் ஒன்றாயிருக்கவில்லை. எதன் மூன்று வீதம், அதனை யார் கணக்கிடுவர், தவறினால் யாரிடம் முறையிடலாம் என்னும் வினாக்களுக்கு அந்நாடுகள் கூறிய விடைகள் வேறுபட்டமையே அதற்குக் காரணம் எனலாம்.

தொழிற் பங்கீட்டின் தோற்றுவாய் முதலாம் உலகப் போராகும். அப்போர் கைகால் இழந்தோரையும் பார்வையிழந்தோரையும் இலட்சக்கணக்கில் ஐரோப்பிய நகரங்களுக்குத் திருப்பியனுப்பியது. நாட்டுக்காக உறுப்பை இழந்தவன் தெருவிற் கையேந்தி நிற்பதை எந்த அரசாங்கமும் நெடுநாள் பார்த்திருக்க முடியாது. ஜேர்மனி 1920 ஆம் ஆண்டிலும் பிரான்சு 1924 ஆம் ஆண்டிலும் தொழில்தருநர்மீது இக்கடமையைச் சட்டத்தினாற் சுமத்தின. பிரித்தானியாவோ கட்டாயத்தை விரும்பாது, மனமுவந்து செய்வதையே நம்பியது. மான்செஸ்ரர் நகரத் தொழிலதிபரான ஹென்றி றொத்பாண்ட் முன்வைத்த யோசனையைத் தழுவி, 1919 ஆம் ஆண்டு செப்டெம்பரில் ‘அரசரின் பதிவேடு’ என்னும் திட்டம் தொடக்கப்பட்டது. தமது தொழிலாளரில் ஏறத்தாழ 5 வீதத்தினரைப் போரில் ஊனமுற்றோரிலிருந்து சேர்த்துக்கொள்வதாக உறுதியளித்த நிறுவனங்களின் பெயர்கள் அப்பதிவேட்டில் இடம்பெற்றன. அரசாங்க ஒப்பந்தங்களை வழங்குகையில் அந்நிறுவனங்களுக்கு முன்னுரிமை அளிக்கப்பட்டது. மதிப்பும் ஒப்பந்தமும் சேர்ந்து ஆயிரக்கணக்கான நிறுவனங்களை ஈர்த்தன. ஆயினும் போர்க்களத்திற்குச் செல்லாத குருடருக்கும் சுரங்கத்திற் காலிழந்த தொழிலாளிக்கும் அப்பதிவேட்டில் இடமிருக்கவில்லை. அது கடனைத் தீர்க்கும் ஏற்பாடேயன்றி உரிமையை வழங்கும் ஏற்பாடன்று.

இவ்வெல்லையைக் கடப்பதற்கு இன்னொரு போர் தேவைப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவிற் கடும் ஆட்பற்றாக்குறை ஏற்பட்டது. அதுவரை வேலைக்குத் தகுதியற்றோர் என ஒதுக்கப்பட்டோர் தொழிற்சாலைகளுக்கு அழைக்கப்பட்டனர். அவர்கள் அவ்வேலைகளைச் செவ்வனே செய்தும் காட்டினர். தொழில் அமைச்சராயிருந்த ஏர்னஸ்ற் பெவினின் காலத்தில், 1941 ஆம் ஆண்டு டிசெம்பரில் ஜோர்ஜ் ரொம்லின்சன் தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. 1943 இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு 1944 ஆம் ஆண்டின் இயலாமையுடையோர் தொழில்வாய்ப்புச் சட்டம் நிறைவேறியது. இயலாமை போரினால் வந்ததா, பிறப்பால் வந்ததா, விபத்தால் வந்ததா என்று அச்சட்டம் வினவவில்லை. பொருத்தமான தொழிலைப் பெறுவதற்கோ பெற்றதைக் காப்பதற்கோ இயலாமை தடையாயுள்ளதா என்பதே அதன் அளவுகோல். முன்னாட் படைவீரருக்கு ஒரு முன்னுரிமை எஞ்சியிருந்ததெனினும், குடிமக்கள் யாவரையும் ஒரே பதிவேட்டில் வைத்தமை பெரியதொரு திருப்பமாகும்.

அச்சட்டத்தின்படி 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரைக் கொண்ட ஒவ்வொரு தொழில்தருநரும் பதிவுபெற்ற இயலாமையுடையோரைக் குறித்த வீதத்தில் வேலைக்கு வைத்திருத்தல் வேண்டும். 1946 ஆம் ஆண்டு மார்ச்சில் 2 வீதமாக நிர்ணயிக்கப்பட்ட இவ்வளவு, அதே ஆண்டு செப்டெம்பரில் 3 வீதமாக உயர்த்தப்பட்டது. வேலைதேடுவோருக்கு உதவத் தனி உத்தியோகத்தர்கள் நியமிக்கப்பட்டனர். திறந்த சந்தையில் வேலைபெற முடியாதோருக்கென 1945 இல் ஒரு கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. ரெம்ப்ளோய் என்ற பெயரால் அறியப்பட்ட அதன் தொழிற்சாலைகள் பிற்காலத்தில் நாடெங்கும் பரவி, 2013 ஆம் ஆண்டுவரை இயங்கின.

இச்சட்டத்தின் ஒரு பகுதி தனித்து நோக்கத்தக்கது. சில வேலைகளை முற்றாக இயலாமையுடையோருக்கே ஒதுக்கும் அதிகாரம் அமைச்சருக்கு வழங்கப்பட்டிருந்தது. அவ்வதிகாரத்தின்கீழ் 1946 இல் இரண்டு வேலைகள் குறித்தொதுக்கப்பட்டன. ஒன்று மின்தூக்கி இயக்குநர் வேலை. மற்றையது வாகனத் தரிப்பிடக் காவலர் வேலை. இவ்விரண்டைத் தவிர வேறெதுவும் பின்னர் சேர்க்கப்படவில்லை. இயலாமையுடையோரின் ஆற்றலைப் பற்றிய அக்கால மதிப்பீடு இத்தெரிவிற் புலனாகின்றது. காலப்போக்கில் மின்தூக்கி பயணியின் விரலுக்கே பணியும் பொறியாயிற்று. ஒதுக்கப்பட்ட வேலையும் மறைந்தது. இன்ன வேலையே இவர்களுக்குப் பொருந்தும் எனப் பட்டியலிடும் முறை, வேலையின் இயல்பு மாறும்போது அவர்களைக் கைவிட்டுவிடும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

மூன்று வீத விதியும் நாளடைவில் வலுவிழந்தது. வீதத்தை நிறைவேற்றாமை தன்னளவிற் குற்றமாகக் கொள்ளப்படவில்லை. வீதம் குறைந்திருக்கையில் அனுமதிப்பத்திரமின்றிப் பிறரை வேலைக்குச் சேர்ப்பதே குற்றம்; அவ்வனுமதிப்பத்திரங்களோ தாராளமாக வழங்கப்பட்டன. சட்டம் நடைமுறையிலிருந்த ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் பத்து வழக்குகள் மாத்திரமே தொடரப்பட்டன. பதிவேட்டிற் பெயரைச் சேர்ப்பதாற் பயனில்லை எனக் கண்ட மக்கள் அதனைத் தவிர்க்கத் தொடங்கினர். 1950 ஆம் ஆண்டளவில் 9 இலட்சத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டிருந்த பதிவேடு, 1980 களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 4 இலட்சமாகச் சுருங்கியது. பதிவுபெற்ற அனைவருக்கும் வேலை கிடைத்தாலும் 3 வீதம் நிரம்பாது என்ற விந்தையான நிலை தோன்றியது. ‘ஆட்கள் இல்லையே’ என்று தொழில்தருநர் கைவிரிக்க அதுவே போதுமாயிற்று.

இவை யாவற்றினும் முதன்மையானது அரசாங்கத்தின் சொந்த நிலையாகும். நாட்டின் மிகப் பெரிய தொழில்தருநர் அரசாங்கமே. ஆனால் 1944 ஆம் ஆண்டுச் சட்டம் முடியரசின் திணைக்களங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தவில்லை. அவை அவ்விதியை மதித்து நடக்கும் என்ற வாக்குறுதி மட்டுமே அளிக்கப்பட்டது. அத்திணைக்களங்களும் பிற்காலத்தில் 3 வீதத்தை எட்டவில்லை. பிறருக்கு விதித்த கடமையைத் தனக்கு விதித்துக்கொள்ளாத அரசாங்கம், தவறும் தனியாரைத் தண்டிக்கும் தார்மீக வலுவையும் இழந்துவிடுகின்றது. ஈற்றில் 1995 ஆம் ஆண்டின் இயலாமைப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் பங்கீட்டு முறையைக் கைவிட, 1996 டிசெம்பரில் அம்முறை முடிவுற்றது.

பிரித்தானியா கைவிடவிருந்த எண்ணை இந்தியா வேறொரு வழியில் எடுத்துச் சென்றது. அங்கு ஒதுக்கீடு என்பது புதிய கருத்தன்று. சாதியின் பேரால் ஒடுக்கப்பட்டோருக்கு அரசியலமைப்பு அதனை முன்னரே வழங்கியிருந்தது. 1977 ஆம் ஆண்டு நவம்பரில் இந்திய மத்திய அரசு, தனது சேவையின் ‘சி’, ‘டி’ என்னும் கீழ்நிலைப் பிரிவுகளில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கியது. பார்வையிழந்தோருக்கு 1, செவிப்புலன் இழந்தோருக்கு 1, உடலியக்கக் குறைபாடுடையோருக்கு 1 என அது பகுக்கப்பட்டது. இவ்வேற்பாடும் அரசாங்கத்தின் நிருவாகக் கட்டளையாகவே அமைந்தது. மேல்நிலைப் பதவிகளின் கதவு அடைபட்டேயிருந்தது. பார்வையிழந்தோர் என்றதும் தொலைபேசி இணைப்பாளர் வேலையும் பிரம்பு பின்னும் வேலையும் நினைவுக்கு வரும் மனப்பாங்கு, பிரித்தானியாவின் மின்தூக்கி இயக்குநரை நினைவூட்டுவதாகும்.

அக்கதவைத் தட்டியவர்கள் பார்வையிழந்தோரே. ஆட்சிப்பணித் தேர்வைப் பிரெயில் எழுத்திலோ எழுத்தர் ஒருவரின் துணையுடனோ எழுத அனுமதி வேண்டிப் பார்வையிழந்தோரின் தேசிய சம்மேளனம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. பொருத்தமானவையென அடையாளங் காணப்பட்ட பதவிகளுக்கு அவ்வாறு தேர்வெழுத இடமளிக்க வேண்டும் என 1993 ஆம் ஆண்டு மார்ச்சில் நீதிமன்றம் பணித்தது. இரண்டாண்டுகளின் பின் 1995 ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறி, 1996 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டளையாக இருந்த 3 வீதம் அன்று சட்டமாயிற்று. பெறுபவரின் நிலையில் இம்மாற்றம் பெரிது: கட்டளையை மீறிய அதிகாரியிடம் மன்றாடலாம்; சட்டத்தை மீறிய அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடரலாம்.

எண்ணைச் செயலாக்கும் பொறிமுறையும் அங்கு வகுக்கப்பட்டது. 10 பேரைச் சேர்க்கும் திணைக்களத்தில் 3 வீதம் என்பது ஓர் ஆளின் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. அதனைக் காரணங் காட்டி ஒருவரையும் சேர்க்காது விடலாம். இதற்கு மாற்றாக 100 இடங்களைக் கொண்ட சுழற்சிப் பதிவேடு ஒன்று பேணப்பட்டது. அதன் நூறு இடங்களும் மூன்று கூறுகளாக வகுக்கப்பட்டு, ஒவ்வொரு கூறிலும் ஓரிடம் மாற்றுத்திறனாளிக்கெனக் குறிக்கப்பட்டது. ஆட்சேர்ப்பு ஆண்டுக்கு ஆண்டு சிறு தொகையாக நடைபெற்றாலும் எண்ணிக்கை தொடர்ந்து செல்லும். நிரப்பப்படாத இடம் அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லப்படும். பின்னமாகக் கரைந்துபோகும் உரிமையை முழு எண்ணாகக் காப்பாற்றுவது இத்தகைய எளிய கணக்கே என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆயினும் இந்திய அரசும் எளிதிற் பணிந்துவிடவில்லை. மேல்நிலைப் பதவிகளுள் எவை பொருத்தமானவை என்பது அடையாளங் காணப்படவில்லை எனக் கூறி ஒதுக்கீட்டைப் பிற்போட்டது. ஆட்சிப்பணித் தேர்விற் சித்தியெய்தியும் நியமனம் பெறாத பார்வையிழந்த ஒருவரின் வழக்கில், 2010 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை நிராகரித்தது. அரசாங்கம் தன் கடமையைச் செய்யத் தவறியமை, பிறர் உரிமையை மறுப்பதற்கு நியாயமாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். 2013 ஒக்ரோபரில், தமிழகத்தவரான தலைமை நீதியரசர் சதாசிவம் தலைமையிலான அமர்வு இன்னொரு படி மேற்சென்றது. அடையாளங் காணப்பட்ட பதவிகளை மட்டுமன்றி, ஆளணி முழுவதிலும் ஏற்படும் வெற்றிடங்களைக் கொண்டே 3 வீதம் கணிக்கப்பட வேண்டும் என்றும், எல்லாப் பிரிவுகளுக்கும் முறை ஒன்றே என்றும் அது தீர்ப்பளித்தது. 2016 ஆம் ஆண்டின் புதிய சட்டம் ஒதுக்கீட்டை 4 வீதமாக உயர்த்தி, ஏற்றுக்கொள்ளப்பட்ட இயலாமை வகைகளை 21 ஆக விரித்தது. 2015 ஆம் ஆண்டில் சென்னையைச் சேர்ந்த பெனோ செபின், முற்றிலும் பார்வையற்றோருள் இந்திய வெளிநாட்டுச் சேவையிற் சேர்ந்த முதலாமவரானார். 1977 இன் கட்டளை அவர்போன்றோருக்கு அத்தகைய மேல்நிலைப் பதவியை எண்ணிப் பார்க்கவுமில்லை.

இனி இலங்கையை நோக்குவோம். செவிப்புலன், பார்வை இழந்த பிள்ளைகளுக்கான கல்வி இந்நாட்டிற் காலத்தால் முந்தியது. மேரி சப்மன் என்னும் கிறித்தவ ஊழியர் 1912 ஆம் ஆண்டில் அதற்கு வித்திட்டார். இரத்மலானைப் பாடசாலையும், வடக்கிற் கைதடி நஃபீல்ட் பாடசாலையும், பிற்காலத்திற் சுன்னாகம் வாழ்வகம் போன்ற இல்லங்களும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை உருவாக்கின; அவர்களுட் சிலர் பல்கலைக்கழகத்தையும் எட்டினர். கல்வி முன்சென்றது, உத்தியோகம் பின்தங்கியது. 1948 இல் அமைந்த சமூக சேவைத் திணைக்களம் நெடுங்காலம் இவர்களை உதவிப்பணத்துக்குரியோராக நோக்கியதேயன்றிச் சேவையிற் சேர்த்துக்கொள்ளத்தக்க ஆளணியாக நோக்கியதன்று.

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை இவ்விடத்திற் கருதத்தக்கது. அதன் இரண்டாம் பந்தி இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறப்பிடம் ஆகியவற்றின் காரணமாகப் பாரபட்சம் காட்டலாகாது என்கின்றது. இயலாமை அப்பட்டியலில் இடம்பெறவில்லை. நான்காம் பந்தியோ பெண்கள், பிள்ளைகள், இயலாமையுடையோர் ஆகியோரின் முன்னேற்றத்துக்கெனச் சட்டத்தினாலோ துணைநிலைச் சட்டவாக்கத்தினாலோ நிருவாக நடவடிக்கையினாலோ விசேட ஏற்பாடு செய்வதைத் தடுக்கவில்லை. சுருங்கக் கூறின், அரசாங்கம் விரும்பினாற் செய்யலாம். செய்தே தீர வேண்டும் என்பதில்லை.

1981 ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை இயலாமையுடையோரின் சர்வதேச ஆண்டாகவும், 1983 முதல் 1992 வரையான காலத்தை அவர்களுக்குரிய தசாப்தமாகவும் பிரகடனஞ் செய்தது. இத்தசாப்தத்தின் நடுவில், 1988 ஆம் ஆண்டு ஓகஸ்ற் 18 ஆம் நாள், பொது நிருவாகச் சுற்றுநிருபம் 27/88 வெளிவந்தது. அரசாங்க சேவையிலும் அரசாங்கக் கூட்டுத்தாபனங்களிலும் ஏற்படும் வெற்றிடங்களில் 3 வீதம், உரிய தகைமை பெற்றவரும், கடமையைச் செய்வதற்குத் தமது இயலாமை தடையாயிராதவருமான மாற்றுத்திறனாளிகளைக் கொண்டு நிரப்பப்பட வேண்டும் என அது பணித்தது. இலங்கையில் இத்துறையின் முதற்பெரும் ஏற்பாடு இதுவென்பதில் ஐயமில்லை.

எனினும் அதன் வடிவம் சுற்றுநிருபம் என்பதை மறத்தலாகாது. சுற்றுநிருபம் மேலதிகாரி கீழதிகாரிக்கு எழுதுவது. அதில் மாற்றுத்திறனாளி பேசப்படுபவரேயன்றிப் பேச்சிற் பங்குகொள்பவரல்லர். நியமன அதிகாரி வெற்றிடங்களைத் தொகுத்துப் பார்க்காது தனித்தனியே நோக்குவாராயின், பின்னக் கணக்கே விண்ணப்பத்தை விழுங்கிவிடும். ஒரே தடவையில் 34 வெற்றிடங்கள் இருந்தாலன்றி 3 வீதம் ஓர் ஆளாகாது. கடமைக்கு இயலாமை தடையா என்பதைத் தீர்மானிப்பவரும் அந்நியமன அதிகாரியே. பிரித்தானியத் திணைக்களங்கள் வாக்குறுதியோடு நின்றதும், இந்தியா 1995 வரை கட்டளையோடு நின்றதும் இதே நிலையிற்றான்.

1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இக்குறையைத் தீர்த்திருக்கலாம். அச்சட்டம் தேசிய சபையொன்றை நிறுவியது. ஆட்சேர்ப்பிலும் கல்வி அனுமதியிலும் இயலாமையைக் காரணமாகக் கொண்டு பாரபட்சம் காட்டுவதைத் தடைசெய்தது. பாதிக்கப்பட்டவர் மேல் நீதிமன்றத்தை நாடுவதற்கும் வழிசெய்தது. ஆனால் 3 வீத ஒதுக்கீட்டை அது தன்னுட் கொள்ளவில்லை. 2003 ஆம் ஆண்டின் தேசிய இயலாமைக் கொள்கை தொழிலுரிமையை வலியுறுத்தியது; 2006 இல் அணுகும்வசதி ஒழுங்குவிதிகள் பிரசுரமாயின. சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய அஜித் பெரேரா தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2009 இல் அவ்விதிகளைப் பொதுக் கட்டடங்களில் வலியுறுத்திக் கட்டளையிட்டது. படிக்கட்டால் மட்டும் அடையத்தக்க கச்சேரியில் உத்தியோகம் கிடைத்தும் பயனில்லையாதலின், அக்கட்டளை தொழிலுரிமையோடு நேரடித் தொடர்புடையது. 2007 இற் கைச்சாத்திட்ட ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்றுறுதிப்படுத்தியது. அதன் 27 ஆம் உறுப்புரை அரசாங்கத் துறையில் மாற்றுத்திறனாளிகளை வேலைக்கமர்த்துவதை அரசுகளின் கடமையாக்குகின்றது.

இவ்வாண்டுகளினூடே நாடு நெடிய போரொன்றைக் கண்டது. யாழ்ப்பாணத்தில் 1987 ஆம் ஆண்டு முதல் செயற்கைக் கால் பொருத்தும் பணியை ஜெய்ப்பூர் நிலையம் ஆற்றி வந்தமை, அப்போர் குடிமக்களின் உடல்களில் விட்ட சுவட்டுக்குச் சான்று. காயமுற்ற படையினருக்குச் சேவை விதிகளும், ஓய்வூதியமும், 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ரணவிரு சேவை அதிகாரசபையும் இருந்தன. கண்ணிவெடியிற் காலிழந்த விவசாயிக்கோ எறிகணையிற் பார்வையிழந்த மாணவிக்கோ அவை உரியனவல்ல. அவர்கள் அரசாங்க வேலைக்குச் சுட்டக்கூடியதாக இருந்தது 1988 ஆம் ஆண்டின் சுற்றுநிருபமே. படைவீரருக்கு மட்டுமென 1919 இற் பிரித்தானியா வகுத்த எல்லையை அந்நாடே 1944 இல் அழித்தது என்ற வரலாறு இங்கு நினைவுகூரத்தக்கது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்தும் அதற்கு மேற்பட்டதுமான வயதினருள் 16 இலட்சத்துக்கு மேற்பட்டோர், அதாவது 8.7 வீதத்தினர், பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலிய செயல்களில் ஏதேனும் இடர்ப்பாடுடையோர். அவர்களுள் வேலை செய்யும் வயதினரில் ஏறத்தாழ 71 வீதத்தினர் பொருளாதார முயற்சிக்கு வெளியே இருந்தனர். முதியோர் பலர் இத்தொகையில் அடங்குவர் என்பது உண்மையே. எனினும் பிரச்சினையின் பரப்பை உணர்வதற்கு இது போதியது.

மூன்று நாடுகளின் அனுபவத்தையும் ஒருங்கே நோக்கின் சில முடிபுகள் பெறப்படும். முதலாவது, ஒதுக்கீடு சட்டத்தில் இடம்பெறாத வரை அது கோரிப் பெறத்தக்கதாகாது. இரண்டாவது, சட்டமும் கணக்கிடும் முறையின்றிப் பயன் தராது. சுழற்சிப் பதிவேடும், நிரப்பப்படாத இடத்தை எடுத்துச்செல்லும் விதியும், எத்தனை பேர் சேர்க்கப்பட்டனர் என்பதை ஆண்டுதோறும் பாராளுமன்றத்தின் முன் வைக்கும் கடமையும் இன்றியமையாதவை. மூன்றாவது, பொருத்தமான வேலைகள் எனப் பட்டியலிடுவதைக் காட்டிலும், வேலையை அவரவர் செய்யத்தக்கதாக்கும் துணைகளை வழங்குவதே நிலைபேறான வழியாகும். தொலைபேசி இணைப்பாளர் பதவியைத் தானியங்கி விழுங்கிய காலத்திலேயே, கணினியின் திரையை வாசித்துரைக்கும் மென்பொருள் பார்வையிழந்தோருக்கு எழுதுவினைஞரின் மேசையைத் திறந்துவிட்டது. போட்டிப் பரீட்சையிற் பிரெயிலும் எழுத்தரும் மேலதிக நேரமும், நேர்முகத் தேர்விற் சைகைமொழி உரைபெயர்ப்பாளரும் இத்துணைகளைச் சேர்ந்தவையே.

சுற்றுநிருபம் 27/88 வெளிவந்த ஆண்டிற் பிறந்த குழந்தை 2023 இல் முப்பத்தைந்து வயதை எட்டியிருக்கும். இலங்கையில் முப்பத்தைந்து என்பது அரசாங்கப் பதவிகள் பலவற்றுக்கு விண்ணப்பிக்கும் வயதெல்லையாக அறிவித்தல்களிற் காணப்படுவது. அக்குழந்தை பார்வையின்றிப் பிறந்து, கைதடியிலோ இரத்மலானையிலோ பிரெயில் கற்று, பட்டமும் பெற்றிருப்பின், தனக்கெனக் குறிக்கப்பட்ட மூன்று வீதம் எங்கே என வினவும் உரிமை அதற்குண்டு. அவ்வினாவுக்கு விடையளிக்கக் கடமைப்பட்டவர் யார் என்பதைச் சட்டத்திற் பெயர்சுட்டி எழுதுவதே இலங்கையின் பாராளுமன்றத்துக்கு எஞ்சியுள்ள பணியாகும்.